முன்னூற்று நான்கு

மே பதினேழு, கயிறு பிடித்து அளந்தோம்.
மிசிசிப்பியின் வடக்கில் ஹார்லன் டட்டனின் மேட்டு வயல்.
ஆறு மருந்து, ஒவ்வொன்றும் நான்கு இடத்தில்,
குலுக்கிப் போட்ட சீட்டு விழுந்தபடி.
ஏழாவது வெறும் தண்ணீர்.
எல்லாவற்றுக்கும் ஒரே வெள்ளைக் கொடி,
எண் மட்டும் வேறு.

"என் மண்ணில் எங்கே விருந்து, எங்கே விஷம்?"
ஹார்லன் கேட்டார்.
சொல்லக்கூடாது என்றேன்.
எனக்கே தெரியாது என்பதைச் சொல்லவில்லை.
எண்ணுகிறவள் அறியாமலிருக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

தெளித்த அன்று எனக்கு முகமூடி, கையுறை, முழங்கால்வரை ரப்பர்.
நாற்று நட வந்தவர்களுக்கு ஒரு பலகை:
பன்னிரண்டு மணி நேரம் உள்ளே வராதே, இரண்டு மொழியில்.
எலூத்தேரியோ இரண்டையும் வாசித்துவிட்டுச் சொன்னார்,
"எங்கே போய்க் காத்திருப்பது என்று
இரண்டிலுமே எழுதவில்லையே."

ஊறவைத்த சோளத்தை முழ ஆழத்தில் புதைத்து
பத்தாம் நாள் தோண்டினேன்.
இரண்டே இரண்டு. துருப்பிடித்த கம்பித் துண்டுகள்,
வெயில் பட்டதும் நெளிந்தன.

பிறகு கோடை.
கொடி ஓடிக் கொடியை மூடியது.
மேலே இலை அத்தனை பச்சை,
கார் நிறுத்திப் படம் எடுத்தார்கள் சிலர்.

அக்டோபரில் மண்ணைப் புரட்டினோம்.
இடத்துக்கு ஐம்பது கிழங்கு, ஆயிரத்து நானூறு மொத்தம்.
எலூத்தேரியோ கழுவித் தள்ள, நான் விரலால் வாசித்தேன்.
ஊசி குத்திய கூட்டம் என்றால் வண்டின் பிள்ளைகள்.
கரண்டியால் வழித்தாற்போல் என்றால் வெண்புழு.
ஆழமாய், ஓரம் பிய்ந்திருந்தால்
கம்பிப்புழு; அது பெரும்பாலும்
ஜூனிலேயே கடித்துவிட்டுப் போயிருக்கும்.
கிழங்கு பருக்கப் பருக்கத் துளையும் பருத்திருக்கிறது.
உள்ளே தோல் படர்ந்து ஆறியும் விட்டது.
ஆறியதை எந்தச் சந்தையும் வாங்குவதில்லை.

மூன்றாம் நாள் மாலை, முன்னூற்று நான்கு.
ஐம்பதில் நாற்பத்தேழு பழுதில்லை.
கை மரத்துப்போயிருந்தது, இருந்தும் மறுபடி எண்ணினேன்.
நாற்பத்தேழு.
"புது மருந்துதான், காப்பி பந்தயம்" என்றேன்.
பழைய மருந்து என்றார் எலூத்தேரியோ,
அவர் மூக்குக்குத் தெரிந்த மருந்து.

இரவு ஏழு மணிக்கு உறையைப் பிரித்தார்கள்.
முன்னூற்று நான்கு: தண்ணீர்.

மற்ற மூன்று தண்ணீரும் சல்லடை.
நான்கையும் கூட்டி வகுத்தால்
அந்த நாற்பத்தேழும் கரைந்துபோகும்.
அட்டவணையில் ஓர் எண், பக்கத்தில் ஓர் எழுத்து,
அவ்வளவே. மருந்துகள் தேவலை என்று சொல்லும் எழுத்து.
பொய்யில்லை அது.

ஹார்லனுக்குச் சொன்னேன். வெகுநேரம் பேசவில்லை.
"அந்த இடத்தில் என் அப்பா எதுவும் வைத்ததில்லை," என்றார்,
"தண்ணீர் நிற்கும் என்று. இல்லை, அது இன்னும் கிழக்கே."
பிறகு, "ஏன் அங்கே மட்டும் வரவில்லை?"
அதற்கு என் தாளில் கட்டமில்லை.

சோதனைக் கிழங்கை யாரும் தின்னக்கூடாது.
வயலோரம் குழி வெட்டி எல்லாவற்றையும் கொட்டினோம்,
முன்னூற்று நான்கையும்.
ஆளுக்கு ஒரு காப்பி, அவரவர் காசில்.
டிராக்டர் மண் தள்ளி மூடும்போது எலூத்தேரியோ சிரித்தார்:
சோளம் வைத்து இரண்டைப் பிடித்தாயே,
இப்போது வைத்திருக்கிறாய் பார், இரை.