நடுமுள்

டீம்ஸ்டர் என்ற சொல்லை
முப்பது வருஷமாகப் பதிவேட்டில் எழுதுகிறேன்.
மேன் தீவைத் தாண்டினால் அது செல்லாக் காசு.
லிவர்பூலில் ஒருவன் கேட்டான்,
அது என்ன, கப்பல் வேலையா?

நீதிபதி என்று சொல்லி வைத்தேன்.
உள்ளதைச் சொல்ல நேரம் போதாது:
சொல்லின் தலையைத் திறந்தால் எண்ணுதல், மதித்தல்.
அதற்கும் அடியில், வெறுமே,
ஒன்றை ஓரிடத்தில் வைத்தல்.
வைத்தது தீர்ப்பாயிற்று.
அதே வேர் ஆங்கிலத்தில் டூம் என்று முளைத்து
இன்றைக்கு அழிவு என்று பொருள்.
தோற்றவர்கள்தாம் அகராதி எழுதியிருக்க வேண்டும்.

வால் வேறு கதை.
நூற்பவள், நெய்பவள், கள் வடிப்பவள்
என்று பழைய நாளில்
பெண்ணுக்கு ஒட்டிய விகுதி அது.
அந்த நாற்காலியில் பெண் அமர்ந்து
நான் கண்டதில்லை.

ஹெர்ரிங் மீனுக்குள் முதுகெலும்பு கிடப்பதுபோல
இருவருக்கும் நடுவே கிடப்பேன்
என்று புதியவர் ஆணையிட்டு ஏறினார்.
எல்லாரும் இடுகிற ஆணைதான்.

முதல் வழக்கே பிரீஷி ஸ்கிலிகார்ன்.
பீல் துறையில் மீன் கீறிப் புகை போடுகிறவள்.
புருஷனைக் கடல் கொண்டது.
படகிலும் வலையிலும் பாதி கேட்டால்
எழுத்து எங்கே என்கிறான் கொழுந்தன் ஃபின்லோ.
எழுதாத சட்டமும் இந்தத் தீவில் உண்டு,
டீம்ஸ்டரின் நெஞ்சுக்குள் இருக்கிறதாம்.
அவர் கோட்டுப் பொத்தானைத் தடவிக்கொண்டார்.

"முள் நடுவில்தான் ஐயா," என்றாள்.
"நாளைக்கு ஆயிரம் கீறுகிறேன், எனக்குத் தெரியாதா?
முதுகுப் பக்கம் கெட்டிச் சதை.
வயிற்றுப் பக்கம் குடல், பித்தம்.
நடுவில் கிடந்துவிட்டால் ஆயிற்றா?
எந்தப் பக்கம் எனக்கு,
எந்தப் பக்கம் இவனுக்கு, அதைச் சொல்லுங்கள்."

பின்வரிசையில் சிரிப்பு.
"மீன் இருக்கிறதா?" என்றார் டீம்ஸ்டர்.
கூடையில் இருந்தது.
என் மேசை மேலேயே, மசிக்கூட்டை ஒதுக்கி,
ஒரே இழுப்பில் பிளந்து விரித்தாள்.
நாங்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தோம்.
ஃபின்லோ பார்க்கவில்லை.

தீர்ப்பை அடுத்த செவ்வாய்க்கு வைத்தார்.
வைத்தார் என்றே எழுதினேன்.
அந்த மூலச் சொல் என் பேனாவில் தானாக வந்தது
எனக்கு அப்போது உறைக்கவில்லை.

செவ்வாய் என்ன ஆனது என்பது
எட்டாம் தொகுதியில் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.
ஏழாம் தொகுதியில்,
அவள் பெயருக்கும் அவன் பெயருக்கும் இடையில்,
ஒரு செதில் ஒட்டியிருக்கிறது.
சுரண்டினால் தாள் கிழிகிறது.