திகதி கட்டாயம்

மல்லாவி ஆஸ்பத்திரி. பத்து மணிக்குள்
நாற்பது தடவை கத்திவிட்டது கணினி.
பரசிற்றமோல் இருமுறை பதியப்பட்டுள்ளது.
தொடர்க.
இரும்புக் குளிசையோடு தேநீர் தவிர்க்க.
தொடர்க.
நோயாளி அறுபதைக் கடந்தவர், கவனம்.
கவனம் கவனம் என்று
மாரித்தவளை மாதிரி.
என் விரல் இப்போது வாசிப்பதில்லை,
அழுத்தும், அவ்வளவுதான்.
வெளி வாங்கில் இன்னும் அறுபத்தேழு பேர்.

இராசமலர், கால் புண்.
குளொக்சசிலின் என்று எழுதினேன்.
திரை பேசவில்லை.
ஒவ்வாமை: பதிவு இல்லை.
அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது.

மருந்து யன்னலில் துஷ்யந்திக்குத் திரை கிடையாது.
குனிந்து வாயால் கேட்டாளாம்:
"அம்மா, பெனிசிலின் ஊசிக்கு எப்பவாவது
ஏதும் செய்ததோ?"

"மாத்தளனில ஒருக்காப் போட்டவை.
முகம் வீங்கி மூச்சு நிண்டது.
கொப்பியில சிவப்பா எழுதித் தந்தவை.
கொப்பி பங்கருக்குள்ள போச்சு."

துண்டோடு அவளே நடந்து வந்தாள்.
மேசையில் வைத்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.

மருந்தை மாற்றினேன். ஒவ்வாமையைத் திறந்தேன்.
பெனிசிலின். கடுமையானது.
நிகழ்ந்த திகதி? கட்டாயம்.
"எந்த நாள் அம்மா?"
"சித்திரைக்கு முன்னம்.
நாள் எண்ணின காலமே அது, டொக்டர்?"
வெற்றிடத்தை ஏற்காது பெட்டி.
இன்றைய திகதியைப் போட்டேன்.

அடுத்தவர் அமர்ந்தார்.
திரை மஞ்சளானது.
வாசித்தேன்.
தேநீர்தான்.