பதினேழாவது நேர்காணல்

டண்டீயில் மூன்றரைக்கே இருட்டிவிட்டது.
காதுக்குள் பெர்த் சிறையின் ஏதோவொரு கதவு
சாத்திச் சாத்தித் திறக்கிறது.
மோர்வென் ஒலிப்பதிவைப் பின்னுக்கு ஓட்டுகிறாள்.

'சுவத்துல இருந்து டிவியைக் கழட்டும்போதுதான் பார்த்தேன்.
மீன்தொட்டி. ஆறேழு ஆரஞ்சு மீன்.
வீட்டுக்காரங்க போய் நாலு நாள் இருக்கும்.
வாயை வாயைத் திறந்துச்சுங்க.
தீனி டப்பா பக்கத்துலேயே இருந்தது.'

இருமல்.

'கொஞ்சமாத்தான் போட்டேன்.
அதிகம் போட்டா செத்துரும்.'

மஞ்சள்: வாய்ப்பு.
பச்சை: பணமுடை.
சிவப்பு, குற்ற உணர்வு.
மீனுக்கு நிறமில்லை அவளிடம்.

விதிவிலக்கு, அடிக்குறிப்பில் போடு
என்று பென்சிலால் எழுதிய நெறியாளர்
பிறகு அழித்திருக்கிறார்.
தடம் தெரிகிறது.

உண்மைப் பெயர் கூடாது ஆய்வேட்டில்.
பதினாறு பேருக்கும் ஒரே மூச்சில் பெயர் வைத்தவள்
இவனுக்கு மட்டும்
கோடிட்ட இடத்தை அப்படியே விட்டிருக்கிறாள்.

அந்த வீட்டுக்காரர்கள்
கதவைத் திறந்ததும்
முதலில் எதைப் பார்த்திருப்பார்கள்?
சுவரில் நான்கு ஆணித்துளைகளையா,
பசியில்லாமல் சுற்றும் மீன்களையா?

அவர்களைக் கேட்க முடியாது.
அவர்கள்
ஆய்வின் எல்லைக்கு வெளியே இருக்கிறார்கள்
என்று முதல் இயலில்
அவளே எழுதியிருக்கிறாள்.