ஹிராபாயின் ஃப்ரீசர்

மோர் ஊற்றிப் பிசைந்த மைதா கையில் ஒட்டும்.
ஒட்டட்டும். மேலும் மாவு தூவினால் கல்லாகும்.
டம்ளரால் வெளிவட்டம்,
இருமல் மருந்து மூடியால் உள்வட்டம்.
நடுவிலிருந்து விழுந்த குட்டிகளைப் பொரித்ததும்
எண்ணெய் வடியுமுன் தின்று தீர்த்தான் அமலன்,
நாக்கைச் சுட்டுக்கொண்டு.

மாஹிமில் ஜூலை. சுவருக்கே வியர்க்கும்.
போன தடவை சூட்டோடு டப்பாவை மூடினேன்;
விடிவதற்குள் சர்க்கரை அழுது
டோனட்டெல்லாம் ஊறிய பஞ்சு.
இம்முறை வெறுமனே, சர்க்கரை இல்லாமல்,
மின்விசிறிக்கடியில் இரண்டு மணி நேரம்.

எங்கள் ஃப்ரிட்ஜில் ஐஸ் டிரேக்குத்தான் இடம்.
கீழ்வீட்டு ஹிராபாயின் பெரிய ஃப்ரீசர் காலி:
படகுகள் கரையேறிக் கிடக்கும் மாதம்.
"வை, வை," என்றாள். "மீன் வாசனைக்கு நான் பொறுப்பில்லை."

பாதியைக் கட்டிக்கொண்டு அவன் கப்பலேறினான்.
ஒன்பது மாதம்.

ஆகஸ்டில் கதவைத் தட்டினாள்.
வலை இறங்கிவிட்டதாம், இடம் வேண்டுமாம்.
பனி உடைத்து எடுத்த மூன்று, அவள் முந்தானையில்.
தோசைக்கல்லில் மெல்லச் சூடேற்றி
பட்டைப்பொடியும் சர்க்கரையும் அப்போதுதான் தூவினேன்.
ஒன்று அவளுக்கு. ஒன்று எனக்கு.
லேசாகப் பொம்பில் வாசம்;
இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

மூன்றாவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
ஹிராபாய் அதைப் பாதியாகப் பிட்டாள்.