காத்து பிரிஞ்சுச்சா

பதினேழு வருஷம்
கீழமாசி வீதியில் ஒரே ஸ்டூல், ஒரே தராசு.
இடது கை எட்டினால் சீரகம்,
வலது கை எட்டினால் சோம்பு,
தலைக்கு மேலே கருஞ்சீரகம், காலடியில் ஓமம்.
சீமைச் சோம்பு மட்டும் பின்னறை மூட்டையில்.
கேட்டால்தான் வெளியே வரும்.

நெல்பேட்டை பிரியாணி மாஸ்டர் அதை ஷாஜீரா என்பார்.
ஞானஒளிவுபுரம் பேக்கரி ரீத்தம்மாவுக்கு அது கேக்கு விதை.
மூட்டை ஒன்றுதான்.
பெயரைப் பொறுத்து விலை ஐந்து பத்து மாறும்.

வெட்டிய நகம் போல வளைந்த விதை,
முதுகில் வெளிறிய கோடுகள்.
நசுக்கினால் முதலில் எலுமிச்சைத் தோல்,
பிறகு மண்ணெண்ணெயோ என்று ஒரு சந்தேகம்,
அப்புறம்தான் இனிப்பு.

பாக்கெட்டில் ஒட்டும் தாளுக்கு வாசகம் நான் எழுதியது:
நார்ச்சத்து, இரும்பு, சுண்ணாம்புச் சத்து,
பசி எடுக்கும், உப்புசம் தணியும்,
வாயுத் தொல்லை நீங்கும்.
அச்சகத்தில் உகரம் ஒன்று விழுந்துபோய்
'வாய்த் தொல்லை நீங்கும்' என்று வந்தது.
ஐந்நூறு பாக்கெட் அப்படியே போயின.
ஒருவரும் திருப்பித் தரவில்லை.
செல்லூர்ப் பெண் ஒருத்தி மட்டும்
மாமனாருக்கென்று நாலு கூடுதலாகக் கேட்டாள்.

நூறு கிராமில் பதினாறு மில்லிகிராம் இரும்பாம்.
நூறு கிராமை எவன் தின்பான்?
சிட்டிகையில் இருப்பது
குண்டூசித் தலைக்குக்கூடக் காணாது.
"சுகர் குறையுமாண்ணே? தொப்பை கரையுமா?"
"குழம்புல போடுங்கம்மா, வாசமா இருக்கும்."
இதற்கு மேல் நான் சொன்னதில்லை. முதலாளிக்கு வருத்தம்.

ஆவணி மாதம் என் குடல் தன்னைத் தானே முறுக்கிக்கொண்டது.

பெரியாஸ்பத்திரி, இரண்டாம் மாடி.
வயிற்றில் பதினெட்டுத் தையல்,
வலது மூக்கில் குழாய்,
கட்டிலில் அட்டை: வாய் வழி ஒன்றும் கூடாது.
காலையில் அந்தச் சின்ன டாக்டரம்மா
வரிசையாக எல்லாரிடமும் கேட்பது ஒரே கேள்வி:
"காத்து பிரிஞ்சுச்சா?"
மேலூர்க்காரர் தலையைக் குனிவார்.
கொடிக்கால் வைத்திருக்கும் சோழவந்தான்காரர்
கூரையைப் பார்ப்பார்.
நான் "இல்லை" என்பேன்,
டன் கணக்கில் வாயு மருந்து நிறுத்தவன்.

நாலாம் நாள் மாலை காஜா வந்தான், கடையில் மூட்டை தூக்குபவன்.
கைக்குட்டை முடிச்சில் ஒரு சிட்டிகை.
"வாயில போடாத, நர்ஸு கொன்னுரும். மோந்து மட்டும் பாரு."
இடது மூக்கு சும்மாதான் இருந்தது.

முகர்ந்தேன்.
ஸ்டூல் வந்தது. தராசின் கீச்சொலி வந்தது.
சாக்குத் தூசி, மார்கழியில் ரீத்தம்மா கொண்டுவரும் ரொட்டி,
மாஸ்டரின் சட்டையில் நெய்.
நாலு நாளில் முதல் தடவையாக
வாயில் எச்சில் ஊறியது.
ஊறியதை விழுங்கினேன்.
அட்டையில் அதற்குத் தடை இல்லை என்று நினைக்கிறேன்.

மூன்று மணிக்கு மேல் இருக்கும்.
பாலத்தில் லாரிச் சத்தம் கூட இல்லை.
முதலில் நாதஸ்வரக்காரர் சீவாளியை ஊதிப் பார்ப்பது போல ஒன்று.
தொடர்ந்து, வெட்கமே இல்லாமல், நீளமாக.
நாகஜோதி பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள்.
"நீங்களா?"
"நான்தான்."
அவள் அழுதாள். கல்யாணத்தில்கூட அழாதவள்.
மேலூர்க்காரர் இருட்டில் கைதட்டினார்.

காஜா காலையில் கேட்டான், "தாள்ல சேத்துருவமா?
மோந்தாலே போதும்னு?"
"வேணாம்டா. நாலாம் நாள். தானா வர வேண்டியதுதான்."
"யாருக்குத் தெரியும்?"
"ஆமா, யாருக்குத் தெரியும்."

இரண்டு ஸ்பூன் வெந்நீர் தந்தார்கள்.
மூன்றாவதுக்கு நாகஜோதி கெஞ்சிப் பார்த்தாள்.

சோழவந்தான்காரர் கையை நீட்டினார்.
அவருக்கு இன்னும் ஆகவில்லை.
"மருந்தெல்லாம் இல்லைங்க" என்றேன்.
"தெரியும், குடுங்க" என்று வாங்கி
முடிச்சை அவிழ்க்காமலே
மூக்கில் வைத்துக்கொண்டார்.