மூன்றாம் ரோலர்

கோத்தகிரி ஃபேக்டரியில்
முன்னொரு ராத்திரி பெல்ட் அறுந்தபோது
ஜோகி சார் ஸ்வெட்டரை உள்வெளியாய் மாட்டிக்கொண்டு
ஓடிவந்து கேட்டது:
"யார் கைக்கும் ஒண்ணும் ஆகலையே?"

அடுத்த முறை அறுந்தபோது
புது மேனேஜர் கேட்டது:
"யாரு?"

சிவனம்மா பெயர் நோட்டில் ஏறியது.
அரை நாள் சம்பளம்.
நோட்டைத் தொங்கவிட
கதவோரம் ஆணியும் அடித்தாயிற்று.

இப்போதெல்லாம் நேரத்துக்கு வருகிறோம்.
தரை பளிச்சென்று இருக்கிறது.
கொழுந்து வாடும் வாசனை
அப்படியேதான்.

பெல்ட் அறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே
மெல்லிசாய் ஒரு கீச்சுச் சத்தம் வரும்,
கண் திறக்காத பூனைக்குட்டி மாதிரி.
பழகிய காதுக்கு மட்டும்தான் கேட்கும்.

நேற்று கேட்டது.
சிவனம்மா என்னைப் பார்த்தாள்.

நான் திரும்பி
ஜன்னலில் படிந்த பனியைத்
துடைக்கத் தொடங்கினேன்.