ஒழுகுவதற்கென்று ஒரு துளை

சுங்கை காடுட். இரவு பத்தரை.
மரப்பட்டறைகள் எல்லாம் கதவிறக்கிவிட்டன.
எங்கள் லாரி மட்டும் கேபினை முன்னால் கவிழ்த்து
எஞ்சினைத் திறந்துகாட்டி நிற்கிறது,
டாக்டரிடம் சட்டையைத் தூக்கிய ஆள் மாதிரி.

வயது பத்தொன்பதும் ஐந்து மாதமும்.
இருபதானால் ஸ்கிராப்.
பாதி என்னுடையது,
பாதி என் அக்கா கணவர் இன்பநாதனுடையது.
எந்தப் பாதி என்று கேட்டால்
இன்றைக்கு இருவருமே
ஒழுகாத பாதியைத்தான் சொல்வோம்.

இப்போதே ஒப்படைத்துவிடலாம் என்கிறார் அவர்.
கடைசி நாள்வரை ஓட்டலாம் என்கிறேன் நான்.
சீனப் புத்தாண்டிலிருந்து பேச்சில்லை.

"பன்னிரண்டு."
ஸ்பேனரை நீட்டுகிறேன்.
"பதினான்கு."
நீட்டுகிறேன்.
"பத்து."
பத்து கிடைக்கவில்லை.
டார்ச் அடித்துத் தேடியும் கிடைக்கவில்லை.
நோஸ் பிளையரைக் கொடுத்தேன்;
கையை மட்டும் பார்த்து வாங்கிக்கொண்டார்.

எண்ணெய் டின்னில் கூலண்ட் பச்சையாக இறங்குகிறது.
தித்திப்பான வாசம்.
அடுத்த பட்டறைப் பூனை மோப்பம் பிடித்து வருகிறது.
பலகை வைத்து மூடி, மேலே ஒரு பேட்டரியும் வைத்தேன்.
குடித்தால் செத்துப்போகும்.

விசிறி வந்தது. பெல்ட் வந்தது.
மீ பெட்டி அட்டையில் பம்ப்பை வரைந்து
கழன்ற போல்ட்டை
கழன்ற இடத்திலேயே குத்திவைக்கிறேன்.
ஒன்று மட்டும் நீளம்.
அது இடம் மாறினால்
காலைவரை இங்கேதான்.

பம்ப் கையோடு வந்தது.
தண்டை ஆட்டினேன், பால்பல் மாதிரி ஆடியது.
அடியில் ஒரு சின்னத் துளை உண்டு.
பழுதில்லை; ஒழுகுவதற்கென்றே வைத்தது.
உள்ளே சீல் தேய ஆரம்பித்ததும்
சொட்டுச் சொட்டாய்ச் சொல்லிவிடும்.

அந்தத் துளையில் எபாக்ஸி.
மார்ச் மாதம் குழைத்து அடைத்தவர் அவர்.
டார்ச் பிடித்தவன் நான்.
சொல்ல வழியில்லாத தண்ணீர்
பேரிங்குக்குள் போய்விட்டது.

இருவரும் அதைக் கொஞ்சநேரம் பார்த்தோம்.
அவர் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார்.
வரவில்லை. நன்றாகத்தான் அடைத்திருக்கிறார்.

புதுப் பம்ப் நூற்றெண்பது வெள்ளி.
பெட்டிக்குள் ஒரு சீட்டு: ஓராண்டு உத்தரவாதம்.
லாரிக்கு ஏழு மாதம்.
அவர் மூக்கால் ஒரு சத்தம் விட்டார்.
சிரிப்பு என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை.

பழைய கேஸ்கெட் பிளேடுக்கும் மசியவில்லை.
தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டது.
"விளக்கை இன்னும் கொஞ்சம் இப்படி" என்றார்.
நாலு மாதத்தில்
எண்ணில்லாத முதல் வாக்கியம்.
விளக்கை இப்படிப் பிடித்தேன்.

ஒன்றரைக்கு எஞ்சின் பிடித்தது.
ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து
காற்று வெளியேறக் காத்திருந்தோம்,
குமிழி, குமிழி, பிறகு வெறும் தண்ணீர்.
கோப்பி-ஓ பை கண்ணாடியில் தொங்கியபடியே
ஆறிப்போயிருந்தது. ஆளுக்குப் பாதி.

பாசிர் பாஞ்சாங்கில்
இரண்டரைக்கு முட்டைக்கோசு ஏற்ற வேண்டும்.
அட்டையை மடிக்கப் போனால்
அதில் ஒரு வாஷர் மிச்சம்.
இருவரும் எஞ்சினைப் பார்த்தோம்.
ஒன்றும் ஒழுகவில்லை.
அவர் அதை டாஷ்போர்டில் வைத்துவிட்டு
கேபினை இறக்கினார்.

புக்கிட் தீமா வரை அது கிலுங்கிக்கொண்டே வந்தது.
வெப்பமுள் நடுவில் நின்றது.
சிவப்பு விளக்கில், சாலையைப் பார்த்தபடி,
"பத்து எங்கேதான் போச்சு?" என்றார்.

"வண்டிக்குள்ளதான் இருக்கும்" என்றேன்.